காளைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கு வயதுப் புலிக்குளம் காளை. கன்றிலிருந்தே மஞ்சுவிரட்டுக்கென்று வளர்த்தது. இரண்டு பொங்கலுக்குச் சிராவயல் பொட்டலில் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், யார் கையிலும் சிக்கவில்லை. இந்த வருடம் அதன் வழியில் கன்று வேண்டும் என்று ஊர்ப் பசுக்களோடு சேர்த்துப் பார்க்கிறார். காளை மோந்து பார்க்கிறது, மேலுதட்டைச் சுருட்டுகிறது, பிறகு வைக்கோல் போரைப் பார்க்கத் திரும்பிவிடுகிறது. ஆறு முறையில் இரண்டு முறைதான் ஏறியது. அந்த இரண்டு பசுக்களும் சினை பிடிக்கவில்லை. மினி லாரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் ரத்தம் எடுத்துச் சோதித்ததில், டெஸ்டோஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 0.6 நானோகிராம் என்று வந்திருக்கிறது. தீவனக் கடையில் ஒருவர் ஆண் ஹார்மோன் ஊசியின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, மாதம் இரண்டு போட்டால் சரியாகிவிடும் என்றிருக்கிறார். மருந்தும் வாங்கியாகிவிட்டது. போடலாமா, ரத்தத்தில் குறைந்ததை ரத்தத்தில் ஏற்றுவதில் என்ன தவறு என்பது அவர் கேள்வி.

போட வேண்டாம், தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துப் புட்டி வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது. காரணம் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த 0.6-ஐ வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை. காளையின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் ஊருணித் தண்ணீர் போல ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. கமலையில் சால் சாலாக வந்து கொட்டும் தண்ணீர் போல விட்டுவிட்டு வருகிறது. குறையே இல்லாத காளையில்கூட ஒரு வேளை 1 நானோகிராமுக்குக் கீழே இருக்கும், சில மணி நேரத்தில் 10-ஐத் தாண்டும், மறுபடி இறங்கும். ஒரு நாளில் இப்படிப் பல முறை நடக்கிறது. வெறும் சால் கிணற்றுக்குள் இறங்குகிற நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுக் கிணறு வற்றிவிட்டது என்று சொன்னால் எப்படி? அதோடு உங்கள் காளை அன்று லாரியில் குலுங்கியிருக்கிறது, புது இடத்தில் இறங்கியிருக்கிறது, மூக்கணாங்கயிற்றை மரத்தோடு இறுக்கி நாலு பேர் பிடித்திருக்கிறார்கள். மிரண்ட மாட்டின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். அது ஏறினால் மூளையிலிருந்து விதைக்குப் போகும் உத்தரவு அடங்கும், டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். கட்டிப்போட்டு ரத்தம் எடுத்த காளைகளில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஆக, நீங்கள் அளந்தது காளையின் வீரியத்தை மட்டுமல்ல, அன்றைய அதன் பயத்தையும் சேர்த்துத்தான்.

(புத்தகத்தில் விரை என்று எழுதுவார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி விதை என்றே எழுதுகிறேன்.)

உத்தரவு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்போம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி. அங்கே உள்ள சில நரம்புச் செல்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் துளித்துளியாக, இடைவெளி விட்டு விடுகின்றன. இது உடல் முழுவதும் சுற்றி வருவதற்கான சரக்கு இல்லை. ஹைப்போதலாமஸிலிருந்து அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பிக்குத் தனியாக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மேலே ஒரு நுண்குழாய்ப் பின்னல், கீழே இன்னொரு பின்னல், இரண்டையும் இணைக்கும் சிறு சிரைகள். இதயத்துக்குப் போய்ச் சுற்றி வராமல் நேராக இறங்கிவிடும். பொது ரத்தத்தில் கலந்துவிட்டால் ஜி.என்.ஆர்.எச். சில நிமிடங்களில் சிதைந்து போகும். அதனால்தான் இந்தத் தனி வழி.

இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்த கதையில் நம் கால்நடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும், ரோஜர் கில்மென் ஆட்டு மூளைகளையும் இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி அரைத்தார்கள். வருடக்கணக்காக இருவருக்கும் கடும் போட்டி. 1971-இல் அது வெறும் பத்து அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி என்று தெரிந்தது. 1977-இல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. அத்தனை தலைகளிலிருந்து எடுத்த சரக்கு உள்ளங்கையில் தெரியாத அளவு. மூளை எவ்வளவு சிக்கனமாக உத்தரவு போடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஜி.என்.ஆர்.எச். துளி விழுந்ததும் பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது: எல்.எச்., எஃப்.எஸ்.எச். இவை இரண்டும் பொது வழியில், இதயம் வழியாக, உடலெங்கும் சுற்றி விதைக்கு வந்து சேருகின்றன. எல்.எச். போய்த் தட்டும் கதவு லெய்டிக் செல்கள். விந்துக் குழல்களுக்கு இடைப்பட்ட சந்துகளில் ரத்தக்குழாய்களை ஒட்டி உட்கார்ந்திருப்பவை அவை. டெஸ்டோஸ்டிரோன் செய்வது அவற்றின் தொழில். எஃப்.எஸ்.எச். போவது குழலுக்குள்ளே இருக்கும் செர்டோலி செல்களுக்கு. வளரும் விந்தணுக்களுக்கு அவைதான் செவிலித்தாய். எல்.எச். அலை ஒன்று எழும்பினால் சிறிது நேரத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் அலையும் பின்னாலேயே எழும்பும். நான் சொன்ன சால் கணக்கு இதுதான்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று. விதை இந்த ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. செய்த உடனே செல்லின் சுவர் வழியாகக் கசிந்து வெளியே போய்விடும். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காளை விதையிலிருந்து இதை முதல்முதலில் தூய்மையாகப் பிரித்தெடுத்தபோது, ஏறத்தாழ 100 கிலோ விதையை அரைத்துக் கிடைத்தது 10 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஆட்டு விதையைத் தின்றால் வீரியம் வரும் என்று நம் ஊரில் மிளகு போட்டு வறுத்துத் தின்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ருசிக்காகத் தின்கிறேன் என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அது நியாயமான காரணம்தான்.

இனி விதைக்கு மேலே இருக்கும் கொடியைப் பாருங்கள். என் பார்வையில் உடம்பிலேயே அழகான வேலைப்பாடு இதுதான். இறந்த காளையை அறுத்துப் பார்த்த போதெல்லாம் இந்த இடத்தில் கத்தியை நிறுத்தியிருக்கிறேன். விரல்களால் அழுத்தினால் புழுக்கூட்டத்தைத் தொடுவது போலக் குழைவாக இருக்கும். உறையைக் கீறினால் உள்ளே தமனி ஒன்று சேவை போலச் சுருண்டு சுருண்டு கிடக்கும். அந்தச் சாண் நீளக் கொடிக்குள் சுருட்டி வைத்திருக்கும் தமனியை நீட்டினால் பல மீட்டர் வரும். அதைச் சுற்றிலும் மெல்லிய சிரைகள் அவரைக் கொடி பந்தலில் படர்ந்தது போலப் பின்னிக்கிடக்கும். அதற்கு வைத்த லத்தீன் பெயரின் பொருளும் கொடிச் சுருள்தான்.

இந்தப் பின்னலுக்கு இரண்டு வேலை. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: குளிர்ச்சி. காளையின் உடல் சூடு ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். விந்தணு உருவாக விதை அதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்க வேண்டும். கீழிருந்து ஆறி வரும் சிரை ரத்தம், மேலிருந்து சூடாக இறங்கும் தமனி ரத்தத்தின் சூட்டை வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. நாட்டு இனங்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. திமில் உள்ள இனங்களில், விதையின் பருமனோடு ஒப்பிட்டால் இந்தத் தமனி நீளம் அதிகம். தமனிச் சுவரும் மெல்லியது. தமனிக்கும் சிரைக்கும் இடைவெளியும் குறைவு. சித்திரை வெயிலில் செம்மண் பொட்டலில் நிற்கும் புலிக்குளம் காளை தாங்குவதையும், கலப்பின ஜெர்சி பொலிகாளை தவிப்பதையும் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

இரண்டாவது வேலைதான் உங்கள் கேள்விக்குரியது. விதையிலிருந்து வெளியேறும் சிரை ரத்தம் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்தது. அதில் ஒரு பகுதி, பின்னலில் ஒட்டியிருக்கும் தமனிக்குள் கசிந்து, ஊர் சுற்றாமல் மீண்டும் விதைக்கே திரும்பிவிடுகிறது. வட்டிக்குப் போன பணம் தெருமுனையைத் தாண்டும் முன்பே பெட்டிக்குத் திரும்புவது போல. லெய்டிக் செல்கள் பக்கத்திலேயே இருப்பதாலும் இந்தத் திரும்பலாலும் விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன், கழுத்துச் சிரையில் நீங்கள் அளந்ததைவிடப் பல பத்து மடங்கு அதிகம். ஒரு பங்கு, செர்டோலி செல்கள் செய்யும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு, விந்தணுக்கள் மிதக்கும் திரவத்தோடு எபிடிடிமிஸுக்கும் போகிறது. விதையின் பக்கவாட்டில் அட்டை போல ஒட்டியிருக்கும் சுருட்குழாய் அது. அங்கே டெஸ்டோஸ்டிரோன் இன்னும் வலுவான ஒரு வடிவத்துக்கு மாறி, விந்தணு முதிர உதவுகிறது. ரத்தத்தில் ஓடுவது ஒரு கணக்கு, விதைக்குள் நிற்பது வேறொரு கணக்கு. ஆசைக்கும் திமிலுக்கும் கழுத்துக்கும் முதல் கணக்கு போதும். விந்தணுவுக்கு இரண்டாவது கணக்கு வேண்டும்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்புத் திண்ணை வரை யாரும் வரலாம். வளவுக்குள், அதாவது நடுமுற்றத்துக்குள், வேண்டியவர்கள் வரலாம். வளவைச் சுற்றி உள்ள ஒவ்வொரு அறையின் சாவியும் அந்தந்தப் பங்காளியிடம் மட்டும்தான். விந்துக் குழலும் அப்படிக் கட்டப்பட்டதுதான். செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து ஒரு தடுப்பை உண்டாக்குகின்றன. ரத்தத்தில் வரும் பல பொருள்களும், எதிர்ப்புச் செல்களும் அதைத் தாண்ட முடியாது. பருவத்துக்கு வந்த பிறகு தோன்றும் விந்தணுக்களை உடல் அந்நியம் என்று எண்ணித் தாக்கிவிடாமல் இருக்க இந்தக் கதவு வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும் பொருள், அது உள்ளே போய்விடும். ஆனால் உள்ளே வேண்டிய அளவு நிற்க வேண்டுமானால் பக்கத்துச் சந்திலேயே அது தயாராக வேண்டும். தொடையில் குத்திய ஊசியிலிருந்து அந்த அளவு வந்து சேராது.

இப்போது ஊசி என்ன செய்கிறது என்று பாருங்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அதை உணர்ந்து உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். கண்மாய் நிரம்பினால் வரத்துக்கால் மடையை அடைப்பது போல. இது எந்த நேரமும் நடக்கிற காரியம்தான். செர்டோலி செல்களிலிருந்து வரும் இன்ஹிபின், எஃப்.எஸ்.எச்.-ஐத் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. ஊசி மருந்தோ எண்ணெயில் கரைத்தது. பல நாள் மெதுவாக ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். மூளைக்கு அது வெளியிலிருந்து வந்தது என்று தெரியாது. போதும் போதும் என்று எல்.எச்.-ஐ நிறுத்திவிடும். எல்.எச். இல்லாவிட்டால் லெய்டிக் செல்களுக்கு வேலை இல்லை. ரத்தத்தில் ஹார்மோன் ஏறும், விதைக்குள் வற்றும். காளை ஏறவும் கூடும், ஆனால் கொடுப்பதற்குச் சரக்கு குறைந்துகொண்டே போகும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் போல எழுதுகிறேன். உண்மையில் பட்டுத் தெரிந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், செம்மறி வளர்ப்பவர் ஒருவர் தம் பொலிகிடா மந்தமாக இருக்கிறது என்று வந்து நின்றார். நான் இதே ஊசியைப் போட்டேன். மூன்று வாரத்தில் கிடா வேலியைத் தாண்டிக் குதித்தது. அவர் எனக்கு வெல்லமும் தேங்காயும் கொண்டுவந்து கொடுத்தார். மேலும் நாலு ஊசி போட்டேன். மூன்றாம் மாதம் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தபோது, முற்றிய மாங்காய் போல இறுக்கமாக இருந்த விதை, அதிகம் பழுத்த மாம்பழம் போல நெகிழ்ந்துபோயிருந்தது. அந்தப் பருவத்தில் மந்தையில் குட்டி பாதிகூட இல்லை. கிடா ஓய்ந்து நிற்கவில்லையே, ஏன் குட்டி இல்லை என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஊசியை நிறுத்தி மாதங்கள் கழித்துத்தான் விதை பழைய இறுக்கத்துக்கு வந்தது. வெல்லம் தேங்காயை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

காளையில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஜி.என்.ஆர்.எச். போன்ற செயற்கை மருந்தைத் துடிப்பு இல்லாமல் தொடர்ந்து கொடுத்தால் நாயின் பிட்யூட்டரி மரத்துப்போகும், விதை ஓய்ந்துவிடும், அறுக்காமலே காயடித்தது போல. அதே மருந்தைத் தோலுக்கடியில் பதித்தால் காளையில் எல்.எச். அலைகள் நின்றுவிடும், ஆனால் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் உயர்ந்தே நிற்கும். ஒரு விலங்கில் பலித்ததை இன்னொன்றில் அப்படியே போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் கடைக்காரர் எந்த மாட்டில் பார்த்துவிட்டு அந்தச் சீட்டை எழுதினார் என்று கேட்டுப் பாருங்கள்.

காயடிப்பதும் ரத்த ஓட்டத்தைப் பற்றிய சமாசாரம்தான். பர்டிசோ இடுக்கி தோலைக் கிழிப்பதில்லை. உள்ளே அந்தக் கொடியை நசுக்குகிறது. தமனி அடைபடும், விதை ரத்தமில்லாமல் சுருங்கிவிடும். ஹார்மோன் சில நாளிலேயே இறங்கிவிட்டாலும் குழாய்களில் தங்கிய விந்தணுக்கள் சில வாரம் இருக்கும். ஆகவே நசுக்கிய மறுநாளே பசுக்களோடு மேயவிட்டு, பிறகு என்னைத் திட்டக் கூடாது. இளம் வயதில் காயடித்த வண்டிமாடு உயரமாக, நீண்ட கால்களோடு, நீண்ட கொம்போடு வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். எலும்பு நுனிகளை மூடி வளர்ச்சியை நிறுத்துவதில் இந்த ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. அவை இல்லாததால் எலும்பு இன்னும் கொஞ்ச காலம் நீள்கிறது. பொலிகாளை குட்டையாக, முன்புறம் கனத்து, திமில் பெருத்து நிற்கும்.

வெள்ளாட்டுக் கிடாவின் மொச்சை நாற்றமும் இதே ஓட்டத்தின் கடைசிக் கிளைதான். டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் போய்க் கொம்புக்குப் பின்னால் இருக்கும் தோல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அங்கே உண்டாகும் கொழுப்பு அமிலங்கள்தான் அந்த வாடை. போதாததற்குத் தன் மூத்திரத்தைத் தாடியிலும் முன்னங்காலிலும் பீய்ச்சிக்கொள்ளும். நமக்குத்தான் முகம் சுளிக்கிறது. பருவத்துக்கு வராமல் இருக்கும் பெட்டைகளின் மூக்கில் அந்த வாடையில் உள்ள ஒரு பொருள் பட்டால், அவற்றின் ஹைப்போதலாமஸில் ஜி.என்.ஆர்.எச். துடிப்பு வேகம் பிடிக்கிறது. கிடாவின் ரத்தத்தில் தொடங்கியது பெட்டையின் மூளையில் போய் முடிகிறது. கொஞ்ச நாள் கண்ணில் படாமல் பிரித்து வைத்திருந்து கிடாவை மந்தைக்குள் விட்டால் பல பெட்டைகள் ஒரே சமயத்தில் சினைக்கு வருவது இதனால்தான். காயடித்த கிடாவில் வாடை மறைந்துவிடும். கறிக்கடையில் அதற்குத் தனி மதிப்பு. காயடித்தது என்று சொல்லி விற்ற கிடா வாடை அடித்தால், ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றுச் சூட்டில் விந்தணு உருவாகாது. ஆனால் லெய்டிக் செல்கள் அங்கேயும் ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். சந்தையில் இப்படி ஏமாந்தவர்கள் பலர்.

ஆண்பன்றி இன்னொரு வகை. அதன் விதை ஆண்ட்ரோஸ்டினோன் என்ற வாடைப்பொருளைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அது கொழுப்பில் தங்கிக் கறியைக் கெடுக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய் நுரையோடு வெளிவந்து பெண்பன்றியை அசையாமல் நிற்க வைக்கும். ஆண்குதிரையோ ஈஸ்ட்ரோஜனை, நாம் பெண் ஹார்மோன் என்று சொல்வதை, அள்ளிச் சுரக்கிறது. 1934-இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் ஆண்குதிரையின் மூத்திரத்தில் அதைக் கண்டு வெளியிட்டபோது பலர் திகைத்தார்கள். அய்யனார் கோயில் வாசலில் கால் தூக்கி நிற்கும் மண்புரவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஆண் ஹார்மோன், பெண் ஹார்மோன் என்று நாம் போட்ட கோடு ரத்தத்துக்குத் தெரியாது. உங்கள் காளையிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் வேலை செய்கிறது.

கிடாக்களுக்குப் பகல் நீளம் பார்த்து ஹார்மோன் ஏறி இறங்கும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நாம் இருப்பது வடக்கே 10 டிகிரியில். நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கே தீவனமும் வெயிலும்தான் பேசும்.

உங்கள் காளைக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் எனக்கு மூன்று இடம் உறுத்துகிறது.

முதலாவது, வளர்ப்பு. மஞ்சுவிரட்டுக் காளையைத் தனிக்கொட்டிலில் கட்டி, பசுவை மோந்தால் கயிற்றைச் சுண்டி, அடித்து அதட்டியே வளர்ப்பவர்கள் உண்டு. சேர்ந்தால் வீரியம் போய்விடும் என்று நம்புகிறார்கள். சேர்க்கையால் ஹார்மோன் தீர்ந்துபோவதில்லை. பசுவைப் பார்ப்பதே பல காளைகளில் எல்.எச்.-ஐயும் டெஸ்டோஸ்டிரோனையும் எழுப்பும். நான்கு வருடம் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை இன்று வேண்டும் என்கிறோம், மாடு குழம்புகிறது. கூட்டம் சேர்த்து நின்று பார்க்காமல், வழுக்காத தரையில், பழகிய பசுவோடு ஒரு பகல் முழுக்க மேயவிடுங்கள். ஒரு அளவுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் கூடினாலும் ஆசை கூடுவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பின்னங்கால் குளம்பையும் முழங்காலையும் தடவிப் பாருங்கள். பொட்டலில் ஓடிய காளைக்கு அங்கே வலி இருந்தால், ஏறுவதற்கு முன் யோசிக்கத்தான் செய்யும். என் அனுபவத்தில், ஹார்மோன் குறைவு என்று கொண்டுவந்த காளைகளில் பாதிக்கு மேல் இந்த வலியும் பயமும்தான்.

இரண்டாவது, தீவனம். தினமும் பருத்திக்கொட்டை இரண்டு படி என்று எழுதியிருக்கிறீர்கள். பருத்திக்கொட்டை மாட்டுக்கு நல்லது. பால் மாட்டுக்கு நானே சொல்வேன். ஆனால் அதில் காசிப்பால் என்ற பொருள் இருக்கிறது. அதிகமாக, நீண்ட நாள் தின்ற காளையின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சரியாகவே இருக்கும், விந்தணுக்களின் நடுப்பகுதி மட்டும் சிதைந்துபோயிருக்கும். ரத்தப் பரிசோதனையில் இது தெரியவே தெரியாது. மூன்று மாதத்துக்கு அதை நிறுத்திவிட்டுக் கடலைப் புண்ணாக்குக்கு மாறுங்கள். பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, காலம். பசுக்களுக்குச் சேர்த்தது ஆனி மாதம் என்கிறீர்கள். காளையில் ஒரு விந்தணு முதல் செல்லிலிருந்து உருவாகி முடிய 61 நாள், எபிடிடிமிஸைக் கடக்க மேலும் ஒன்றரை வாரம் போல. செம்மறிக் கிடாவில் 47 நாள், குதிரையில் 57, பன்றியில் 40-க்கும் குறைவு. ஆனியில் வெளிவந்த சரக்கு சித்திரையில் விதைத்தது. சித்திரையில் உங்கள் காளைக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்தது என்று கடிதத்தின் கடைசி வரியில், பெரிய விஷயமில்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். காய்ச்சல் சூட்டில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த விந்தணுக்கள் கெட்டிருக்கும். அந்தத் தலைமுறை கழிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எந்த ஊசியும் இந்த நாள் கணக்கைக் குறைக்காது.

வருங்காலக் கன்றுகளுக்காக இன்னொன்று. விதையின் அளவு பெரும்பாலும் கன்றுப் பருவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறந்து இரண்டு மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை காளைக்கன்றின் எல்.எச். கொஞ்ச காலம் உயர்ந்து தணிகிறது. செர்டோலி செல்களும் பருவத்துக்கு முன்புதான் பெருகுகின்றன, பிறகு பெருகுவதில்லை. ஒவ்வொரு செர்டோலி செல்லும் இத்தனை விந்தணுவைத்தான் வளர்க்க முடியும். அந்த மாதங்களில் பாலைக் கறந்து விற்றுவிட்டுக் கன்றுக்கு மடிக்காம்பைக் காட்டி ஏமாற்றினால், பின்னால் பேரீச்சம்பழமும் முட்டையும் ஊட்டினாலும் அது திரும்ப வராது. கருவிலேயே ஹார்மோன் ரத்தம் வழியாகப் போய்ச் சேரும் வேலையைச் செய்வதும் உண்டு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரி பெரும்பாலும் மலடாக இருப்பது தாயின் குற்றமில்லை. கருப்பையில் இரண்டின் ரத்தக்குழாய்களும் இணைந்து, ஆண்கன்றின் விதை சுரந்தது பெண்கன்றின் கருப்பை வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. 1916-இல் ஃபிராங்க் லில்லி இந்த இணைப்பைக் காட்டி, ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்தான் காரணம் என்று எழுதினார். டெஸ்டோஸ்டிரோனுக்குப் பெயர் வைப்பதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பு. அப்படிப்பட்ட கிடாரியை நல்ல விலைக்கு வாங்கிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

ஹார்மோன் குறைவா என்று உறுதியாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், மருத்துவரைக் கொட்டிலுக்கே வரச் சொல்லுங்கள். ஒரு முறை ரத்தம் எடுத்து, ஜி.என்.ஆர்.எச். ஊசி ஒன்று போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தூண்டலுக்கு டெஸ்டோஸ்டிரோன் நன்றாக எழும்பினால் பிட்யூட்டரியும் விதையும் சரி என்று பொருள். இது சோதனைக்கான ஒற்றை ஊசி, வைத்தியம் இல்லை. அதைவிட முக்கியம் விந்துப் பரிசோதனை. அசைவையும் உருவத்தையும் நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்கள். அதோடு புருசெல்லா சோதனையும் செய்யச் சொல்லுங்கள். விதையை வீங்க வைக்கும் அந்த நோய் பசுக்களுக்கும் பரவும், பால் கறக்கும் வீட்டாருக்கும் வரும்.

அதற்கு முன் ஒரு வேலை உங்கள் கையில் இருக்கிறது. தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, விடிகாலைக் குளிரில் விதை மேலே ஏறியிருக்கும்போது வேண்டாம், வெயில் ஏறிய பிறகு, காளை அமைதியாக அசைபோடும் நேரமாகப் பார்த்துப் போங்கள். பழகிய ஆள் பக்கத்தில் நிற்கட்டும். விதைகளை மெதுவாகக் கீழே இறக்கிப் பிடித்து, பை அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி அளந்து எழுதுங்கள். அயல்நாட்டு இனங்களில் பருவத்துக்கு வரும்போது ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. நம் இனத்துக்கு அந்த எண்ணை அப்படியே வைக்காதீர்கள். அதே வயதுள்ள இன்னும் இரண்டு புலிக்குளம் காளைகளை அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு விதையும் ஒரே அளவா, ஒரே இறுக்கமா, தொட்டால் வலிக்கிறதா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை, அதே ஆள், அதே டேப். பருத்திக்கொட்டை நிறுத்திய தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புரட்டாசி கடைசியில் இரண்டு பசுக்களுக்குச் சேர்த்துப் பார்க்கலாம். அந்த மருந்துப் புட்டியை, சீல் உடைக்காமல் இருந்தால், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.